முதல் வீட்டுக் கம்ப்யூட்டர்: நீங்களே அசெம்பிள் செய்வதா, கடையில் சொல்லி வாங்குவதா, பிராண்டட்டா, பழைய ஆபீஸ் மெஷினா?

"பையன் காலேஜ் சேர்கிறான், நாற்பதாயிரத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், எது நல்லது?" இந்தக் கேள்விக்குப் பதிலாக வருவது பெரும்பாலும் ஒரு பிராசசர் பெயரும் ஒரு கிராபிக்ஸ் கார்டு பெயரும்தான். உண்மையில் பிராசசரைத் தேர்ந்தெடுப்பது இதில் சுலபமான வேலை. நல்ல பிராசசர் என்று இன்று விற்பது எதுவும் கல்லூரிப் படிப்புக்குப் போதும். சிக்கல் வேறு நாளில் வரும். காலையில் பட்டனை அழுத்துகிறீர்கள், ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. அந்தக் கோளாறைத் தேடுவது யார், எந்த உதிரியை மாட்டிப் பார்த்துத் தேடுவது, அதற்கு எத்தனை நாள் ஆகும்? நான்கு வழிகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவது இந்த இடத்தில்தான். விலை வித்தியாசம்கூட இதற்கு அடுத்துதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வேலை. பிரவுசர், வேர்டு, எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு, பைதான் கற்பது இவற்றுக்கெல்லாம் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். 8 ஜிபி ராமில் ஓடும், 16 இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போடுவதை மட்டும் மறந்துவிடுங்கள். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு) இல்லாத மெஷின் இன்று எந்த விலைக்கும் லாபமில்லை. புதிய கேம், வீடியோ எடிட்டிங், பிளெண்டர் போன்ற 3டி மென்பொருள் என்றால் தனிக் கார்டு வேண்டும். கார்டு வந்தவுடன் கேபினட், எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் மின்சாரம் தரும் பெட்டி), யுபிஎஸ் மூன்றும் மாறிவிடும். அதனால் 'கேம் ஆடுவோமா' என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

கோளாறைத் தேடும் பொறுப்பு. வாரண்டி இருப்பது வேறு, எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடித்துத் தருவது வேறு. ராமுக்குப் பத்து வருட வாரண்டி இருந்தாலும், பழுது ராமில்தான் என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ், வைஃபை, விண்டோஸ் உரிமம். விளம்பர விலையில் இவை இருக்காது.

பிற்பாடு கூட்ட முடிவது. ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, கார்டு போட இடமும் பவரும் இருக்கிறதா.

இன்னும் எத்தனை வருடம் ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசசரும், ஏஎம்டி என்றால் ஏறக்குறைய ரைசன் 2000 வரிசை முதலும் தேவை. பழைய மெஷின் வாங்குபவர்களை வெட்டும் கோடு இதுதான்.

ஒரு எச்சரிக்கை: 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை ஏறிய வேகத்தில் பழைய பட்ஜெட் கணக்குகள் எல்லாம் கலைந்துவிட்டன. ஒரு வருடத்துக்கு முந்தைய யூடியூப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

| | நீங்களே | கடை அசெம்பிள் | பிராண்டட் | பழைய ஆபீஸ் மெஷின் |
|---|---|---|---|---|
| கோளாறு தேடுவது | நீங்கள் | கடைக்காரர் | கம்பெனி எஞ்சினியர் | விற்றவர், சில மாதம் வரை |
| வாரண்டி | பாகத்துக்குப் பாகம் தனி | பாகத்துக்குப் பாகம், கடை வழியாக | மெஷின் முழுக்க 1 அல்லது 3 வருடம் | கடையைப் பொறுத்தது |
| விண்டோஸ் உரிமம் | தனியாக வாங்க வேண்டும் | கேட்டுத் தெளிவாக்க வேண்டும் | பெரும்பாலும் உண்டு | பெரும்பாலும் மதர்போர்டோடு ஒட்டி வரும் |
| கார்டு போடுவது | தடையில்லை | தடையில்லை | சின்ன கேபினட்டில் சிரமம் | 75 வாட்டுக்குள், சின்ன அளவு |
| எஸ்எம்பிஎஸ் மாற்றுவது | எந்தக் கடையிலும் | எந்தக் கடையிலும் | பெரும்பாலும் அதே மாடல்தான் | பெரும்பாலும் அதே மாடல்தான் |
| உங்கள் உழைப்பு | அதிகம் | பில் சரிபார்க்கும் அளவு | மிகக் குறைவு | வாங்கும்போது சோதிக்கும் அளவு |

## நீங்களே அசெம்பிள் செய்வது

ஸ்க்ரூ முடுக்கும் வேலைக்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் ஒரு மதியமும் போதும். பெரிய வேலை அதற்கு முன்னால் இருக்கிறது: வாங்கும் பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா என்று பார்ப்பது.

சாக்கெட்டில், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில், தொடங்குங்கள். ரைசன் 5 5600ஜி ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும், டிடிஆர்4 ராம் கேட்கும். ரைசன் 5 8600ஜி ஏஎம்5. அதற்கு டிடிஆர்5 மட்டும்தான். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை மூன்றும் எல்ஜிஏ1700. இங்கே ராம் வகையைத் தீர்மானிப்பது போர்டு. ஒரே போர்டு பெயரில் டிடிஆர்4 வகையும் டிடிஆர்5 வகையும் விற்கிறார்கள். பெயரின் கடைசியில் வரும் 'டி4' என்ற ஒட்டு ஒன்றுதான் வித்தியாசமாக இருக்கும். இரண்டு ராமுக்கும் காடி வேறு வேறு இடத்தில் இருப்பதால் தவறான ராம் உள்ளே போகாது. பலம் போட்டு அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

அடுத்தது பெயரின் கடைசி எழுத்து. ஐ5-12400எஃப் போன்ற 'எஃப்' பிராசசர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 'ஜி' ஒட்டு இல்லாத ரைசன் 5 5600-இலும் கிடையாது. கார்டு இல்லாமல் இவற்றில் டிஸ்ப்ளே வராது. சில ஆயிரம் மிச்சம் என்று எஃப் வாங்குவது கேமிங் மெஷின்களில் வழக்கம். முதல் மெஷினுக்கு அது வேண்டாம். பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருந்தால், பிற்பாடு கார்டு மாட்டிய பின் டிஸ்ப்ளே போகும் நாளில் கார்டைக் கழற்றிவிட்டு கேபிளைப் போர்டில் செருகிப் பார்க்கலாம். பழுது கார்டிலா மற்றதிலா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எஃப் பிராசசரில் அந்தச் சோதனைக்கு வழியே இல்லை, இன்னொரு கார்டு கடன் வாங்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, பயோஸ்: போர்டிலேயே பதிந்திருக்கும், மெஷினைத் தொடங்கி வைக்கும் மென்பொருள். பி660 போர்டு வெளிவந்தபோது 14-ஆம் தலைமுறை பிராசசர் கிடையாது. கடை அலமாரியில் பழைய பயோஸோடு கிடந்த போர்டில் புதிய பிராசசரைப் பொருத்தினால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது, எல்லாம் சரியாக மாட்டியிருந்தாலும். போர்டின் பின்பக்கம் 'பயோஸ் ஃப்ளாஷ்பேக்' பட்டன் உள்ள மாடலாக வாங்கினால், பிராசசர் இல்லாமலேயே பென்டிரைவ் வழியாகப் புதுப்பிக்கலாம். பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருக்க வேண்டும், ஃபைலின் பெயரைக் கம்பெனி சொன்னபடி மாற்ற வேண்டும். அந்தப் பட்டன் இல்லையென்றால் வாங்கும் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் வாட் எண்ணைவிட அது யாருடைய வாட் என்பது முக்கியம். கேபினட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' பெட்டியைக் கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடும். 5600ஜி போன்ற 65 வாட் பிராசசரும் ஒரு எஸ்எஸ்டியும் மட்டும் உள்ள மெஷின் முழு வேகத்திலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை வீணாக்காததற்கான சான்று) உள்ள, நல்ல கம்பெனியின் 450 வாட் தாராளம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட். இரண்டுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்பது பரிந்துரை.

மாட்டும் வரிசை. கேபினட்டுக்குள் எதையும் முடுக்குவதற்கு முன் போர்டை அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், 24 பின் கனெக்டர், மேல் மூலையில் உள்ள 8 பின் சிபியு கனெக்டர், மானிட்டர். இவ்வளவுதான். பவர் பட்டன் இருக்காது. போர்டின் கீழ் ஓரத்தில் 'பவர் ஸ்விட்ச்' என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஓடத் தொடங்கும். பயோஸ் திரை வந்துவிட்டால் பாகங்கள் நல்லவை. இனி கேபினட்டுக்குள் போன பிறகு கோளாறு வந்தால் அது மாட்டியதில் உள்ள கோளாறு. இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாக்கிவிடும்.

கவனிக்க வேண்டிய சில இடங்கள்:

- ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில் இருக்கும். எல்ஜிஏ1700-இலும் ஏஎம்5-இலும் போர்டில். பிராசசர் தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். அழுத்தவே கூடாது. வளைந்த பின்னுக்கு வாரண்டி தரமாட்டார்கள்.
- இன்டெலோடு வரும் கூலருக்கு நான்கு கால்கள். குறுக்கு மூலைகளாக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் 'டிக்' என்று உட்கார வேண்டும். போர்டைத் திருப்பிப் பாருங்கள்: நான்கு ஓட்டையிலும் பிளாஸ்டிக் கொக்கி விரிந்து வெளியே தெரிய வேண்டும். மூன்றில் மட்டும் தெரிந்தால், விண்டோஸ் வரும்; வந்து கொஞ்ச நேரத்தில் சூடு 100 டிகிரியைத் தொட்டு மெஷின் தவழத் தொடங்கும்.
- பிராசசரோடு வரும் கூலரில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும். மேலே இன்னொரு டியூபைப் பிதுக்க வேண்டாம். தனியாக வாங்கிய கூலரில் அடிப்பாகத்து பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.
- நான்கு ஸ்லாட் போர்டில் ஒற்றை ராம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட். இரண்டு ராம் என்றால் இரண்டாவதும் நான்காவதும். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி நகரும், மறுபக்கம் முழுதாக இறங்கியதா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.
- சிபியு கேபிளும் கார்டு கேபிளும் இரண்டுமே 8 பின்தான். நான்கும் நான்குமாகப் பிரிவது சிபியுவுக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு.
- கேபினட்டில் பித்தளைக் கால்கள் போர்டில் ஓட்டை இருக்கும் இடங்களில் மட்டும் இருக்கட்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றால் போர்டின் அடிப்பக்கம் ஷார்ட் ஆகும்.

ஓடவில்லை என்றால். அறிகுறியைப் பார்த்துத் தேடுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள்.

*ஒரு அசைவும் இல்லை.* எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள ஸ்விட்ச், சுவர் பிளக், 24 பின் முழுதாக ஏறியதா, முன்பக்கப் பட்டன் வயர் சரியான பின்களில் இருக்கிறதா. பட்டன் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஓடினால் பழுது பட்டனில்தான்.

*ஒரு நொடி சுற்றி நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது.* முதல் சந்தேகம் ஷார்ட் அல்லது ராம். போர்டை வெளியே எடுத்துப் பெட்டி மேல் வைத்தால் ஓடுகிறதென்றால் கேபினட்டில் எங்கோ உரசுகிறது.

*ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை.* அடிக்கடி வருவது இதுதான். கார்டு மாட்டியிருந்தும் மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகியிருப்பது முதல் காரணம். ராம் முழுதாக இறங்காதது இரண்டாவது. கழற்றி, ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். 8 பின் சிபியு கேபிள் மாட்டாமல் விட்டிருந்தாலும் இதே கதைதான். இன்றைய பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் உண்டு. எதில் எரிந்து நிற்கிறதோ அங்கே தேடுங்கள். ஏஎம்5 மெஷின் முதல் தடவை ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையிலேயே இருக்கும். பழுது என்று நினைத்து நடுவில் பவரை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

*பயோஸ் வருகிறது, எஸ்எஸ்டி தெரியவில்லை.* போர்டில் நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி வடிவத்திலேயே சாட்டா வகை, என்விஎம்இ வகை என இரண்டு உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எஸ்எஸ்டி தெரியாது. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழக்கும். போர்டின் கையேட்டில் அந்தப் பட்டியல் இருக்கும்.

*விண்டோஸ் ஏற்றும்போது இன்டர்நெட் பக்கத்தில் நிற்கிறது.* புதிய போர்டின் வைஃபைக்கான டிரைவர் விண்டோஸில் இல்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டால் பெரும்பாலும் நகர்ந்துவிடும்.

*அடிக்கடி தானாக ரீஸ்டார்ட்.* ராமை அதற்குச் சொன்ன முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை பயோஸில் நிறுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் ராம் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. நிற்காவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை மாற்ற வேண்டியதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கையாலும் கண்ணாலும் முடிவது. அதற்கு மேல் போனால்தான் இந்த வழியின் நிஜமான செலவு தெரியும்: உங்களிடம் ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் இருக்கிறது. போர்டு பழுதா பிராசசர் பழுதா என்று தெரிய இன்னொரு போர்டு வேண்டும். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிப் பத்து நிமிடத்தில் சொல்வதை, வீட்டில் இரண்டு வாரம் யோசித்தாலும் சொல்ல முடியாது. அதன் பிறகு பிராசசருக்கு ஒரு சர்வீஸ் சென்டர், போர்டுக்கு ஒன்று, எஸ்எஸ்டிக்கு ஒன்று. ஆன்லைனில் ஐந்து கடையில் மலிவாகப் பொறுக்கி வாங்கியிருந்தால் ஐந்து பில்லையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பெட்டி போட்ட இன்டெல், ஏஎம்டி பிராசசருக்கு மூன்று வருட வாரண்டி. பெட்டி இல்லாத 'ட்ரே' பிராசசருக்கு விற்றவர் சொல்வதுதான் வாரண்டி.

ஆகவே இந்த வழி யாருக்கு? கார்டோடு கூடிய கேமிங் மெஷின் வேண்டும், அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸிலும் போர்டிலும் யாரும் மலிவானதைத் திணிக்கக் கூடாது என்பவர்களுக்கு. கற்றுக்கொள்வதே நோக்கம் என்பவர்களுக்கு. ஊரில் அசெம்பிள் செய்யும் நண்பரோ, உதிரி மாட்டிப் பார்க்கவிடும் கடையோ இருந்தால் தயங்கவே வேண்டாம். அடுத்த திங்கட்கிழமைக்குள் மெஷின் ஓடியாக வேண்டும் என்பவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

## கடையில் சொல்லி அசெம்பிள் செய்வது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், நல்ல கடைக்காரர் கிடைத்தால் நான்கு வழிகளில் முதல் தடவை வாங்குபவருக்கு இதுதான் தோது. பாகம் உங்கள் விருப்பம், மாட்டுவதும் கோளாறு தேடுவதும் அவர் பொறுப்பு.

கோட்டை விடும் இடம் கொட்டேஷன். "ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 500 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று எழுதிய காகிதத்துக்கு மதிப்பில்லை. எந்த ஐ5? 2012-இல் வந்த ஐ5-3470-உம் ஐ5தான். பழைய மெஷின்களிலிருந்து கழற்றிய அந்த 3-ஆம், 4-ஆம் தலைமுறை பிராசசர்களை, புதிதாகத் தயாரித்த எச்61, எச்81 போர்டுகளில் பூட்டி, பளபளக்கும் கண்ணாடி கேபினட்டும் வண்ண விளக்கு ஃபேனும் சேர்த்து 'புது கேமிங் பிசி' என்று விற்பது சகஜம். போர்டும் கேபினட்டும் உண்மையிலேயே புதிது. ராம் டிடிஆர்3, விண்டோஸ் 11 முறைப்படி ஓடாது, கூட்டுவதற்கும் வழியில்லை. இதைத் தவிர்க்கச் சுலபமான வழி, ஐ5 என்ற சொல்லைக் காதில் வாங்காமல் அதற்குப் பின் வரும் எண்ணைக் கேட்பது. நான்கு கோர் ஐ3-12100 ஒன்று, ஆறு கோர் கொண்ட ஐ5-8500-ஐயே முந்திவிடும். 3470 அதன் பக்கத்தில்கூட வராது.

கொட்டேஷனில் ஒவ்வொரு வரியிலும் கம்பெனி, முழு மாடல், வாரண்டி வருடம் மூன்றும் இருக்கட்டும். 16 ஜிபி என்றால் ஒரே ராமா, எட்டு எட்டாக இரண்டா என்று கேளுங்கள். தனிக் கார்டு இல்லாத மெஷினில் இரண்டு ராம் போட்டால் கிராபிக்ஸ் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும். "பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம்" என்று வரும் பேச்சுக்கு மயங்க வேண்டாம். அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடித்து வாங்கும் எஸ்டிமேட் காகிதத்தோடு சர்வீஸ் சென்டருக்குப் போனால் வாரண்டிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சீரியல் நம்பர் போட்ட பில்லும், எல்லாப் பாகங்களின் காலிப் பெட்டிகளும் உங்களோடு வீட்டுக்கு வர வேண்டும்.

விண்டோஸ் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். 'ஆக்டிவேட் பண்ணித் தந்துடறேன், காசு வேண்டாம்' என்றால் அது திருட்டுப் பிரதி. அந்த ஆக்டிவேட்டரோடு என்ன வைரஸ் சேர்ந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது. உரிமத்துக்குப் பணமில்லை என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு. டேலி போல விண்டோஸ் மட்டுமே கேட்கும் மென்பொருள் வேண்டியவர்களுக்குத்தான் அது ஒத்துவராது.

கடையை விட்டுக் கிளம்பும் முன் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பெயர், ராம் வேகம், ராம் எண்ணிக்கை மூன்றையும் பில்லோடு ஒப்பிடுங்கள். ராம் 3200 என்று வாங்கி 2133-இல் ஓடுகிறதென்றால் பயோஸில் எக்ஸ்எம்பி போடவில்லை. அங்கேயே போட்டுத் தருவார்.

## பிராண்டட் டெஸ்க்டாப்

இதில் சொல்ல அதிகமில்லை. ஒரே பில், ஒரே போன் நம்பர், வீட்டுக்கு வந்து பார்க்கும் எஞ்சினியர், உரிமத்தோடு விண்டோஸ். வயதான பெற்றோருக்கு, கம்ப்யூட்டர் நின்றால் வியாபாரம் நிற்கும் சின்ன அலுவலகத்துக்கு, அருகில் நம்பகமான கடை இல்லாத ஊருக்கு இதுவே சரி. வீட்டு மாடல்களுக்குப் பொதுவாக ஒரு வருடம்தான்; அலுவலக வரிசை மாடல்களில் மூன்று வருட ஆன்சைட் வாரண்டியோடு வருபவை உண்டு. சில ஆயிரம் கூடுதலானாலும் அவற்றைப் பாருங்கள், கிடைக்கும் இடம்தான் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

கொடுக்கும் விலைக்குப் பாகம் குறைவு என்பது தெரிந்ததே. தெரியாதது, உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் பல மாடல்களில் 200 வாட்டுக்குள் இருக்கும், வடிவமும் கனெக்டரும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. இரண்டு வருடம் கழித்து 'ஒரு கார்டு மட்டும் போட்டுக்கொள்ளலாம்' என்ற திட்டம் இதில் நடக்காது. திரைக்குள்ளேயே எல்லாம் இருக்கும் ஆல்-இன்-ஒன், மேசையில் இடமே இல்லாதவர்களுக்கு மட்டும்; திரை போனால் மெஷினே போன மாதிரி.

## பழைய ஆபீஸ் மெஷின்

கம்பெனிகள் மூன்று நான்கு வருடத்தில் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள். நாள் முழுக்க ஓடுவதற்கென்று கட்டியவை. ராமும் எஸ்எஸ்டியும் சேர்ந்தே வருவதால், ராம் விலை ஏறிய காலத்தில் இவற்றின் கவர்ச்சி கூடியிருக்கிறது. படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் மட்டும் என்றால், பணத்துக்கு மதிப்பில் மற்ற மூன்றும் இதன் பின்னால்தான் நிற்கும்.

நிபந்தனை ஒன்று: 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060, எலைட்டெஸ்க் 800 ஜி4, திங்க்சென்டர் எம்720, எம்920 ஆகியவை 8-ஆம் தலைமுறையில் வந்தவை. 7050 ஒரு படி முந்தையது. பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும், விலையும் குறையும், ஆனால் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் அதன் பிராசசர்கள் இல்லை.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை:

- பயோஸுக்குள் நுழைய முடிகிறதா. பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.
- விண்டோஸின் ரன் பெட்டியில் tpm.msc என்று கட்டளை கொடுத்து டிபிஎம் 2.0 காட்டுகிறதா என்று பாருங்கள்.
- கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் எஸ்எஸ்டி நலம், ஓடிய மணி நேரம். பெயரே கேள்விப்படாத எஸ்எஸ்டி இருந்தால் அதை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
- டெல் என்றால் பின்னால் உள்ள சர்வீஸ் டேகை அதன் இணையதளத்தில் கொடுத்தால் எப்போது விற்றது, என்ன பாகங்களோடு விற்றது என்று தெரியும்.
- எல்லா யுஎஸ்பி போர்ட்டும், ஃபேன் சத்தமும்.

மறைந்திருக்கும் செலவுகள் சிறியவை, ஆனால் வரிசையாக வரும். 7060 போன்றவற்றில் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான் இருக்கும். எச்டிஎம்ஐ மானிட்டருக்கு ஒரு அடாப்டர் வேண்டும். ஆபீஸில் கேபிள் இன்டர்நெட் என்பதால் வைஃபை பெரும்பாலும் இருக்காது. 24 பின் எஸ்எம்பிஎஸ் இதற்குள் போகாது. பழுதானால் அதே மாடலுக்குரியதைத் தேட வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கிடைக்கும், சின்ன ஊரில் வரவழைக்க வேண்டியிருக்கும்.

கார்டு ஆசை உள்ளவர்களுக்கு: படுக்கை வடிவச் சின்ன கேபினட்டில் அரை உயரக் கார்டு மட்டும் நுழையும், பவரும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் முடிய வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை ஆகியவற்றின் அரை உயர மாடல்கள் இதற்குப் பொருந்தும். ஆர்எக்ஸ் 6400-உம் 53 வாட்தான், ஆனால் அது பிசிஐஇ 4.0 (கார்டு ஸ்லாட்டின் தலைமுறை) ஸ்லாட்டில் நான்கு லேன், அதாவது நான்கு தடம், மட்டும் பயன்படுத்துவது. இந்தப் பழைய போர்டுகளின் 3.0 ஸ்லாட்டில் வேகம் இழக்கும், வீடியோ என்கோடரும் அதில் இல்லை. கையளவு 'மைக்ரோ', 'டைனி' மெஷின்களில் கார்டு போடும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

## யார் எதை எடுப்பது

காலேஜ் படிப்பு, கோடிங், பணம் இறுக்கம்: 8-ஆம் தலைமுறை ஆபீஸ் மெஷின், மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டர். அதே பையன் இரண்டு வருடத்தில் கேம் கேட்பான் என்றால் இதை வாங்கிவிட்டு வருத்தப்படுவதைவிட, 5600ஜி மாதிரி ஒன்றோடு முழு அளவு கேபினட்டும் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டுக் கடையில் கட்டிக்கொள்வது மேல். கார்டு பிறகு வரும். இப்போதே கார்டு, அதைப் பூட்டவும் ஆசை, ஒரு வாரம் பொறுமை இருக்கிறது: நீங்களே செய்யுங்கள். நடுவழி ஒன்றும் உண்டு, பலர் யோசிப்பதில்லை: எல்லாப் பாகத்தையும் ஒரே கடையில் வாங்கி, வீட்டில் நீங்களே பூட்டி, ஓடாவிட்டால் அதே கடைக்குக் கொண்டுபோவது. சோதித்துப் பார்க்கச் சிறு கூலி கேட்பார்கள். உதிரி இல்லாத குறை அதோடு தீரும். ஆன்லைனைவிடச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததற்கு அதுவே கணக்கு.

## நான்குக்கும் பொதுவான ஒன்று: சுவர் பிளக்

எந்த வழியில் வாங்கினாலும் யுபிஎஸ் செலவைத் தனியே எடுத்து வையுங்கள். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். கார்டு இல்லாத மெஷினுக்கும் மானிட்டருக்கும் போதும், ஆர்டிஎக்ஸ் 3060 உள்ள மெஷினுக்கு 1000 விஏ அளவில் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் மோட் போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். மற்ற மோடில் கரண்ட் மாறும் இடைவெளி நீளம், வீட்டு ஃபேன் நிற்காது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இதை எஸ்எம்பிஎஸ் பழுது என்று நினைத்து மாற்றியவர்கள் உண்டு.

கேபினட்டின் பெயின்ட் இல்லாத இடத்தில் விரல் வைத்தால் சுர்ரென்று இருந்தால், அல்லது டெஸ்டர் மங்கலாக எரிந்தால், கம்ப்யூட்டரில் தேடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சிறு கசிவை எர்த்துக்கு அனுப்பும்படிதான் அமைந்திருக்கின்றன. பிளக்கில் எர்த் இல்லையென்றால் அது கேபினட்டில் நிற்கும். மல்டிமீட்டரில் ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டும் காட்ட வேண்டும். ஃபேஸ், எர்த் இடையே எண் நிலையில்லாமல் ஆடினால் அந்த சாக்கெட்டில் எர்த் வயர் விட்டிருக்கிறது. இரண்டு பின் அடாப்டர் போட்டு ஓட்டுபவர்களுக்கும் இதே நிலைதான். எலக்ட்ரீஷியனை வரவழைத்து அதைச் சரிசெய்த பிறகு மெஷினைப் பிளக்கில் மாட்டுங்கள்.